ஐந்தே கால் கட்டை

சென்ற வருடம் வேலையாகக் கடல் தாண்டிப் போன ஓர் ஊரில், எனக்குக் கொடுத்த அறை ஒத்துக்கொள்ளவே இல்லை. மெத்தை மெத்தென்றுதான் இருந்தது. சன்னலுக்கு வெளியே இலை உதிர்த்துக்கொண்டு நின்ற மரங்கள், பார்த்தவர்களை எல்லாம் கவிதை எழுதச் சொல்கிறவை. ஆனாலும் பல்லிடுக்கில் சிக்கிய நார்போல எதுவோ உறுத்திக்கொண்டே இருந்தது. கிளம்புகிற அன்று காலை, காப்பிக்குப் பால் எடுக்கப்போய்க் குளிர்பெட்டியின் முன் நின்றபோதுதான் பிடிபட்டது. அந்த ஊர்ப் பெட்டி வேறு சுருதியில் பாடிக்கொண்டிருந்தது.

அந்த நாட்டு மின்சாரம் நம்முடையதைவிட வேகமாகத் துடிக்கிறது, அதனால் அங்கே மோட்டார்களும் விளக்குகளும் கொஞ்சம் உயரத்தில் முனகுகின்றன என்று பிற்பாடு ஒருவர் விளக்கினார். பணிவாகக் கேட்டுக்கொண்டேன். அந்தப் பாடத்தை எட்டு வயதிலேயே கேட்டு முடித்திருந்தேன், பினாங்குத் தீவின் பாயான் பாருவில், எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தின் சிமெந்துத் தரையில். சின்னம்மாவுக்குக் காவலாக என்னை உட்காரவைத்திருந்த நாட்கள் அவை.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த நாள் முதலாக அரசாங்க நாற்காலிகளில் உட்கார்ந்து கோப்புகளை இடமிருந்து வலம் நகர்த்திய குடும்பம் எங்களுடையது. அதில் முதன்முதலாக இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவள் அவள். விடிகிற நேரத்தில் தொழிற்சாலைப் பேருந்துகள் எங்கள் புளோக்கின் கீழே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். இளஞ்சிவப்பு மேலங்கி மாட்டிய பெண்கள் பாதித் தூக்கத்தோடு ஏறுவார்கள். சின்னம்மா நாள் முழுக்க ஒரு நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, நகத்தைவிடச் சிறிய சில்லுகளில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைத் தைத்தாள். அப்பா இதை விருந்தினரிடம், "எலக்ட்ரானிக்ஸ் துறையில் இருக்கிறாள்" என்று சொல்வார். அவர்கள் மரியாதையோடு தலையாட்டுவார்கள்.

அவளுடைய உண்மையான சொத்து குரல். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அவள் பாட எழுந்தால் பிரசாத வரிசைகூட நகராது. ஆனால் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கிக் கொஞ்ச காலத்தில், அந்தக் குரலுக்கு என்னவோ ஆயிற்று. கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் ஐந்து கட்டைச் சுருதியை அழுத்துவார். சின்னம்மா அதற்கு மேலே நிற்பாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கட்டைக்குத் தாவுவார், ஐந்தரை. இப்போது அவள் கீழே நிற்பாள். ஆர்மோனியத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை, மரச்சந்து மட்டும்தான். சின்னம்மா அந்தச் சந்துக்குள் நின்று கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள்.

"முந்தி இப்பிடியோ பாடினனீ?" என்று அம்மா வீட்டுக்கு வந்ததும் கேட்பாள். "அந்த மிசினுக்குப் பக்கத்தில இருந்து இருந்து உன்ர காது பழுதாப் போச்சுது."

"எனக்குச் சரியாத்தான் கேக்குது, அக்கா."

"உனக்குக் கேட்டால் போதுமோ? கேக்கிற சனத்துக்குக் கேக்கோணும்."

இது வெறும் கோயில் பேச்சாக இருந்திருந்தால் போயிருக்கும். ஆனால் சிரம்பானிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை ஆசிரியர். அவருடைய தாயார் வீணை சொல்லிக்கொடுக்கிறவர். பெண்ணின் நிறம் பற்றியோ நகை பற்றியோ அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பிள்ளைக்குச் சுருதி நிக்குமோ?" என்று மட்டும் தரகரிடம் கேட்டு அனுப்பியிருந்தார். பெண் பார்க்க வரும்போது தன் சுருதிப்பெட்டியைத் தானே கொண்டுவருவாராம். அதில் ஐந்து கட்டைதான் இருக்கிறதாம். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சின்னம்மாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முன் வந்த இரண்டு இடங்கள், தொழிற்சாலை என்றதும் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டன.

எங்கள் தளத்திலேயே, நடைபாதையின் கடைசி வீட்டில் கீபோர்டு அண்ணன் இருந்தார். பெயர் வேறு உண்டு. ஆனால் புளோக் முழுவதும் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவருடைய தாத்தா தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். அவர்கள் வேதக்காரர்கள். ஞாயிறு காலை மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பார், சனிக்கிழமை மாலைகளில் கல்யாண மண்டபங்களில் கீபோர்டு வாசிப்பார், மற்ற நாட்களில் பெரிப் படகு ஏறி அக்கரையிலுள்ள பிறைக்கு வேலைக்குப் போவார். அவரிடம் ஒரு புது சிந்தசைசர் வந்திருந்தது. அதைப் பார்க்க நாங்கள் பிள்ளைகள் அவர் வீட்டு வாசலில் வரிசையில் நின்றிருக்கிறோம். அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். மாசக் கடைசியில் வருகிறார்கள், அதற்குள் இவளை ஐந்து கட்டையில் உட்காரவைக்க வேண்டும்.

"பார்ப்போம் லா, அக்கா," என்றார் அவர். "காது கெட்டுப்போச்சின்னு சொல்றீங்க. மொதல்ல கேக்குறேன்."

சின்னம்மாவை அவர் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே சிந்தசைசர் எங்கள் வீட்டுக்கு வந்தது, ஒரு பூப்போட்ட பாத்தேக் கைலியில் குழந்தைபோலச் சுற்றப்பட்டு. கதவைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது அம்மாவின் முதல் சட்டம். இரண்டாவது சட்டம் நான்.

"நீ அங்கயே இரு, பிள்ளை. எழும்பக் கூடாது. ஆர் என்ன சொன்னது, ஆர் எங்க இருந்தது, எல்லாம் எனக்கு வந்து சொல்லோணும்."

நான் வீட்டுப்பாடப் புத்தகத்தோடு கருவியின் பின்பக்கமாக, மின்கம்பி சொருகியிருந்த சுவரோரம் உட்கார்ந்தேன். அங்கேதான் தரை குளிர்ச்சி. எனக்குத் தெரிந்ததெல்லாம் சிந்தசைசரின் முதுகு, அதற்குமேல் அண்ணனின் தாடை, அதற்கு அப்பால் பாயில் உட்கார்ந்த சின்னம்மாவின் மூடிய கண்கள்.

முதல் நாள் அண்ணன் ஐந்தை அழுத்தினார். ஐந்தரையை அழுத்தினார். கோயிலில் நடந்தது கூடத்திலும் நடந்தது. ஆனால் அவர் முகம் சுளிக்கவில்லை. கையை எடுத்துவிட்டு, "சும்மா பாடுங்க மிஸ். ஒரு சுரம் மட்டும். புடிச்சிக்கிட்டே இருங்க," என்றார். அவளை அவர் மிஸ் என்றுதான் கூப்பிட்டார், தாதிமாரையும் ஆசிரியைகளையும் கூப்பிடுவதுபோல.

சின்னம்மா வாயை மூடி முனகினாள். பிற்பகல் நேரம். கீழே ஐஸ்காரனின் மணி வந்து போயிற்று. அவள் நிறுத்தி மூச்சிழுத்தாள். அந்தச் சிறு இடைவெளியில், அவள் விட்ட சுரம் விட்ட இடத்திலேயே தொடர்ந்து கேட்டது. அண்ணன் திரும்பிச் சுற்றிலும் பார்த்தார்.

"ஐஸ்பெட்டி," என்றேன் நான். வீட்டுக்காரிக்குத் தெரியாதா தன் வீட்டுச் சத்தம்.

அவர் எழுந்து சமையலறை வாசலுக்குப் போய், எங்கள் ஐஸ்பெட்டியின் பக்கவாட்டில் காதை ஒட்டிவைத்தார், வைத்தியர் மார்பில் காது வைப்பதுபோல. "மிஸ், திரும்பப் பாடுங்க," என்றார். சின்னம்மா பாடினாள். அவர் காதை எடுக்காமலே சிரிக்கத் தொடங்கினார். பிறகு கூடத்துக் குழல்விளக்கைப் போட்டு அதன் கீழே நின்றார். சிந்தசைசரின் ஒலிப்பெட்டியில் சத்தத்தைக் கூட்டி, ஒரு கட்டையையும் தொடாமல், அதன் வெறும் உறுமலைக் கேட்கவைத்தார். எல்லாம் ஒரே சுருதி. அவளுடையது.

"நீங்க தப்பாவே பாடல. கரண்டோட சேந்து பாடுறீங்க," என்றார். "இந்தத் தீவு பூரா இந்த ஒரே சுரம்தான் ஓடுது. அஞ்சும் இல்ல, அஞ்சரையும் இல்ல. அஞ்சே கால்னு வெச்சிக்கோங்க."

சின்னம்மா கன்னம் சிவந்துபோனாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். தொழிற்சாலையில் வேலை நேரத்தில் கதைக்கக் கூடாது. அவளுடைய இயந்திரம் காலை முதல் முனகிக்கொண்டே இருக்கும். "அது தனியக் கத்திக்கொண்டிருக்கும். பாவமாக் கிடக்கும். நானும் வாயை மூடிக்கொண்டு கூடப் பாடுவன். வேற ஒண்டும் இல்லை."

அண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு கருவியின் முதுகுக்குக் கையைக் கொண்டுவந்தார். அங்கே, என் கண்ணுக்கு நேரே, ஒரு சிறிய கறுப்புத் திருகு இருந்தது. அதில் ஒரு வெள்ளைக் கோடு. விரல் நுனியால் அதைக் கொஞ்சமே கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார். மீண்டும் ஐந்தை அழுத்தினார். கருவியின் கட்டைகள் எல்லாம், கறுப்பும் வெள்ளையும், ஒரு மயிரிழை மேலே ஏறி அவளிடம் வந்து நின்றன.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கனவு என்றுதான் பல காலம் நம்பியிருந்தேன். அவர் ஒரு பொத்தானை அழுத்த, ஆயிரம் பிடில்கள் தூரத்தில் எங்கோ மழைக்குள் நின்று வாசித்தன. சின்னம்மா பாடினாள். ஐஸ்பெட்டி அடியில் நின்று தாங்கியது. சுவர்கள் மென்மையாகின. மலைப்பக்கச் சன்னல் வழியாக வந்த வெயில் தரையில் கிடந்து, அதுவும் லேசாக அதிர்ந்தது. கணக்குப் புத்தகத்தில் என் எண்கள் வரியைவிட்டு நகர்ந்தன. ஒரு வீடு முழுவதும் ஒரே மூச்சு விட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியும்.

இன்னொரு பொத்தானில் மனிதக் குரல்கள் இருந்தன. 'ஆ' என்று மட்டும் பாடும் ஒரு கூட்டம்.

"இது ஆர் பாடினது?" என்று சின்னம்மா கேட்டாள்.

"யாரும் இல்ல மிஸ். உள்ள வெறும் கணக்குதான்."

"இல்லை. ஆரோ ஒருத்தர் எங்கயோ ஒருக்கால் பாடியிருக்கோணும். அதைக் கேட்டுத்தானே கணக்குப் போட்டிருப்பினம்."

அண்ணன் அந்தப் பொத்தானை இன்னொரு முறை அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார், இத்தனை நாளும் தன் பெட்டிக்குள் ஆள் இருந்தது தெரியாமல் போயிற்றே என்பதுபோல.

ஆனால் அவருக்கு ஒப்படைத்த வேலை வேறு. வாசலில் நின்று அம்மாவிடம் தன் திட்டத்தைச் சொன்னார். அவளை ஒரேயடியாக ஐந்துக்கு இழுத்தால் நிற்க மாட்டாள். கருவியை முதலில் அவள் இடத்துக்கு ஏற்றியாயிற்று. இனி அவளுக்குத் தெரியாமல் நூல் நூலாக இறக்க வேண்டும். கருவி இறங்க இறங்க அவளும் கூடவே இறங்கி வருவாள். கடைசியில் ஐந்தில் இருப்பாள். அம்மாவுக்கு இது பிடித்திருந்தது. தெரியாமல் இறக்குவது என்பது எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான வழிதான்.

ஆகவே அந்தத் திருகின் கதையை முழுக்கப் பார்த்த ஒரே சாட்சி நான். வேலை விட்டு வந்து அவர் உட்காருவார். சின்னம்மா கண்ணை மூடுவாள். கருவியின் முதுகுக்கு ஒரு கை வரும். வெள்ளைக் கோடு ஒரு நூல் இடப்பக்கம் நகரும். சின்னம்மா அதை அறியாமல் அதோடு சேர்ந்து இறங்குவாள், படியில் கைபிடித்து இறங்குகிறவள்போல. ஆனால் பாட்டு முடியும் முன்னே, அவள் எதையோ நன்றாகப் பாடிவிட்ட நேரம் பார்த்து, அதே கை திரும்ப வரும். கோடு பழைய இடத்துக்கே போய்விடும். அவளும் மேலே போய் ஐஸ்பெட்டியோடு சேர்ந்துகொள்வாள். ஒரு நாள் அல்ல, பல நாள். அண்ணனுக்கு மறதி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் எதையாவது மேலே ஏற்றுவார்கள், கீழே இறக்குவார்கள், நான் அதற்குள் பெருக்கல் வாய்ப்பாட்டை முடிக்க வேண்டும்.

"இண்டைக்கு என்ன நடந்தது?" என்று அம்மா கேட்பாள்.

"ஒண்டும் நடக்கேல்லை. சின்னம்மா பாயில இருந்தவ. அண்ணன் கதிரையில இருந்தவர். பாடினவை."

அது முழு உண்மை. ஆட்களைப் பற்றித்தான் அம்மா கேட்டாள். திருகைப் பற்றிக் கேட்கவில்லை.

மாசம் கரைந்தது. அம்மா நடைபாதையில் அவரை மறித்தாள். "இன்னும் அவள் இறங்கேல்லையோ, தம்பி?"

"இறங்குவாங்க லா, அக்கா. அவசரப்பட்டா அறுந்துடும்."

"அவையள் வாற ஞாயிறு வருகினம்."

"தெரியும்," என்றார் அவர்.

அந்த வாரத்தின் கடைசிப் பயிற்சிக்கு அவர் வந்தபோது முகம் சவரம் செய்து, மாதா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கருவியைப் பிரித்து வைத்தார். கை பின்னால் வந்தது. அன்று அது தயங்கவில்லை. பாட்டுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைக் கோடு இறங்கி, நேர் நடுவுக்கு வந்து, 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு அங்கே அமர்ந்தது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சின்னம்மா ஐந்தில் நின்று பாடினாள், சுத்தமான ஐந்து. சமையலறையில் ஐஸ்பெட்டி தன் பாட்டுக்கு வேறு எதையோ முனகியது. முதன்முறையாக அது பழுதான ஒரு பெட்டிபோலக் கேட்டது.

சின்னம்மா கண்ணைத் திறந்தாள். "கீழ வந்திட்டன், என்ன?"

"வந்துட்டீங்க."

அவள் பாயின் ஓரத்தைச் சுருட்டினாள், விரித்தாள். "சிரம்பானிலயும் இதே கரண்டுதானோ?"

"இதேதான். நாடு பூரா ஒரே கம்பிதான் ஓடுது." அவர் கைலியை எடுத்து உதறினார். "அங்கயும் ஐஸ்பெட்டி இருக்கும் லா."

"ஓம்," என்றாள் சின்னம்மா. "அது தனியத்தான் பாடிக்கொண்டிருக்கும்."

அன்று அவர் ஒரு தடவைகூட மிஸ் என்று சொல்லவில்லை. இதையும் நான் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிரம்பான்காரர்கள் வந்தார்கள். வீணைக்கார அம்மாள் மெல்லிய மனிதர், சுருதிப்பெட்டியை மடியில் வைத்துப் பேரப்பிள்ளையைத் தட்டுவதுபோலத் துருத்தியைத் தட்டினார். ஐஸ்பெட்டியின் சத்தம் தங்கையை மறுபடி மேலே இழுத்துவிடும் என்ற பயத்தில் அம்மா காலையிலேயே அதன் கம்பியைப் பிடுங்கிவிட்டாள். வீடு சட்டென்று காலியானதுபோல இருந்தது. விருந்தினருக்கென்று வாங்கி உள்ளே வைத்திருந்த ஐஸ்கிரீம் அம்மாவின் நினைவிலேயே இல்லை. சின்னம்மா பாடினாள். ஐந்து கட்டை, நகராமல், ஒரு குறையும் இல்லாமல். வீணைக்கார அம்மாள் துருத்தியை நிறுத்தாமலே தலையை ஆட்டினார். மாப்பிள்ளை நல்லவர், கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிண்ணங்களில் குழம்பாகிப்போன ஐஸ்கிரீமைக் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளையின் தகப்பனார் அதைப் பினாங்குப் பாயசம் என்று நினைத்து இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர்கள் போனபின் சின்னம்மாதான் ஐஸ்பெட்டிக் கம்பியைச் சொருகினாள். அது ஒரு தடவை உடம்பை உலுக்கிக்கொண்டு பாடத் தொடங்கியது. அவள் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். குளிர்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

கல்யாணம் கோயிலில் காலையில் முடிந்தது. மாலையில் மண்டபத்தில் விருந்து, மேடை ஓரத்தில் கீபோர்டு அண்ணனின் குழு. பக்கத்து வீட்டுப் பிள்ளை இருக்க வேறு யாரைக் கூப்பிடுவது என்று அப்பாதான் சொன்னார். நான் புதுப் பாவாடையோடு குழுவின் காலடியில் சுற்றிக்கொண்டிருந்தேன். வாத்தியங்களைச் சுருதி சேர்க்கும்போதே அங்கே ஒரு சலசலப்பு.

"டேய், ஒன்னோடது ஏறி இருக்குடா," என்றார் கிட்டார்க்காரர்.

"நீ ஏத்திக்க," என்றார் அண்ணன்.

"நான் ஏத்திப்பேன். இவரு என்ன செய்வாரு?" என்று அவர் அக்கார்டியன் மாமாவைக் காட்டினார். அக்கார்டியனில் திருக ஒன்றும் கிடையாது, வார்த்த சுரம்தான்.

மாமா ஒன்றிரண்டு முறை சேர்த்துப் பார்த்தார். கீபோர்டும் அக்கார்டியனும் பூனைகள்போலச் சண்டையிட்டன. "இன்னிக்கு எனக்கு லீவு போல," என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்து நடந்தார்.

நான் மெல்லக் கருவியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். வெள்ளைக் கோடு நடுவில் இல்லை. வலப்பக்கம் ஏறி, பழைய இடத்தில் இருந்தது. பாவம், மறந்துவிட்டார்.

"அண்ணே," என்று கிசுகிசுத்தேன், "திருகு ஏறிக் கிடக்குது."

"தெரியும் பாப்பா," என்றார் என்னைப் பார்க்காமல். "இருக்கட்டும்."

பிறகு வாசித்தார். மழைக்குள் நிற்கும் அந்தப் பிடில்கள். 'ஆ' என்று பாடும் யாருமில்லாத அந்தக் கூட்டம். மண்டபத்தில் யாரும் பேச்சை நிறுத்தவில்லை, தட்டுகள் சத்தமிட்டன, ஒரு குழந்தை அழுதது. மேடைச் சோடனைக்கு நடுவே கூறைப் புடவையில் உட்கார்ந்திருந்த சின்னம்மா மட்டும் தலையைத் திருப்பினாள். ஒலிப்பெட்டிக்குத் திருப்பவில்லை, ஆளுக்கும் திருப்பவில்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுபோல. உதடுகள் மூடியிருந்தன. ஆனால் புதுத் தாலிக்கொடிக்கு மேலே அவள் தொண்டை அசைந்துகொண்டிருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பந்தி விசாரித்துக்கொண்டிருந்த அம்மாவின் சேலையை இழுத்தேன்.

"அம்மா, சின்னம்மா வாயை மூடிக்கொண்டு பாடுறா. அவவுக்குத் தன்ர மிசினை நினைச்சுக் கவலை வந்திட்டுது."

அம்மா மேடையைப் பார்த்தாள். பிறகு கீபோர்டின் பக்கம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு முழு லட்டை எடுத்து என் வாயில் திணித்தாள், மூச்சு முட்டும் அளவுக்கு. லட்டு நன்றாக இருந்தது. அதை நான் மென்று முடிக்கும்வரை அம்மாவின் கை என் வாயின்மேலேயே இருந்தது.